பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு ஆரைத் தெரிவது?

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்ச நாளில் பிள்ளையின் கொப்பிக்குள் ஒரு துண்டு வரும். பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டம், பிற்பகல் 2 மணி, தவறாது சமுகமளிக்கவும். போனால் அதிபர் உரை, கணக்கறிக்கை, புதிய நிர்வாகத் தெரிவு, தேநீர். தெரிவு நேரத்தில் ஒருவர் எழும்பிப் பேசுவார்: விஞ்ஞானத்துக்கு ரீச்சர் எடுத்துத் தருவன், பள்ளிக்கூடத்தைத் தேசிய பாடசாலை ஆக்குவிப்பன், ஆங்கில மொழிமூலம் கொண்டுவருவன். சபை கைதட்டும். அவர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட அந்தச் சங்கத்தின் கையில் இல்லை. சங்கத்தின் கையில் இருப்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

முதலில் எது ஆரிடம் என்று பார்ப்போம். மாகாணப் பாடசாலை என்றால் ஆசிரியர் நியமனம், இடமாற்றம் எல்லாம் மாகாண நிருவாகத்திடம். யாழ் இந்து, வேம்படி போன்ற தேசிய பாடசாலைகளுக்கு அது பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கும் கல்வி அமைச்சிடம். பாடத்திட்டம் மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தில் எழுதப்படுகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்க வேண்டுமா என்று முடிவெடுப்பதும் கொழும்புதான். 1987 இல் வந்த 13ஆம் திருத்தம் கல்வியின் பெரும்பகுதியை மாகாணத்துக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் வடக்கு மாகாணசபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013 செப்ரெம்பர் 21இல். 38 உறுப்பினர் கொண்ட அந்தச் சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ரில் பாராளுமன்றம் தோற்கடித்தது. தேர்தல் அந்த இடத்திலேயே இறுகிப்போனது. அன்றிலிருந்து ஆளுநரும் அதிகாரிகளும்தான். வடக்கின் பள்ளிக்கூடங்களுக்காக வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய மாகாணக் கல்வி அமைச்சர் என்று ஒருவர் இல்லை.

உள்ளூராட்சித் தேர்தலிலும் இதே குழப்பம். 2025 மே 6 தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 17 சபைகளுக்கும் கேட்டவர்களில் எத்தனையோ பேர் கல்வியை மேம்படுத்துவோம் என்று துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். பிரதேச சபைக்கு வகுப்பறைக்குள் ஒரு அதிகாரமும் கிடையாது. பள்ளிக்கூட வாசல் வீதி, வெள்ளவாய்க்கால், தெருவிளக்கு, குப்பை, வாசிகசாலை, சபையின் பொறுப்பில் உள்ள முன்பள்ளி, சனசமூக நிலையம், இவைதான் அவர்களுடையவை. இவையும் சின்ன விசயமில்லை. மாரியில் வாசலில் முழங்கால் தண்ணி நின்றால் முதலாம் வகுப்புப் பிள்ளை வராது. ஆகவே உங்கள் வட்டார உறுப்பினரிடம் ஆங்கிலக் கல்வி பற்றிக் கேட்காமல் வாய்க்கால் பற்றிக் கேளுங்கள். தட்டிக்கழிக்க முடியாத கேள்வி அது.

ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரர் "இங்க நாங்கள் பள்ளிக்கூடச் சபைக்கு வோட் போடுறம்" என்று சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை வரும். அங்கே நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாநகரத் தேர்தலோடு சேர்த்து, அந்தச் சபையின் உறுப்பினர்களான அறங்காவலர்களைத் தெரிவு செய்கிறார்கள். 2022 தேர்தலில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபைக்கு 22 பேர் தெரிவானார்கள். 2006 இல் யோர்க் பிராந்தியத்திலும் பிறகு ரொறன்ரோவிலும் தெரிவான நீதன் சண் போலத் தமிழரும் அதில் இருந்திருக்கிறார்கள். அந்தச் சபை பாதீட்டை நிறைவேற்றும், பணிப்பாளரை நியமிக்கும். பாடத்திட்டமும் பணமும் அங்கும் மாகாண அரசிடம்தான். 2025 யூனில் ஒன்ராறியோ அரசு ரொறன்ரோ உட்படச் சில சபைகளுக்கு மேற்பார்வையாளரை நியமித்து, அறங்காவலரை ஓரமாக இருத்திவிட்டது. தெரிவானவர் கையில் இருப்பது எவ்வளவு என்ற கேள்வி அங்கேயும் முடியவில்லை.

ஆசிரியரை ஊரே நியமித்த காலம் எங்களுக்கும் இருந்தது. 1923 இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் மிஷன்களும் தங்கள் பள்ளிக்கூடங்களை மனேஜர் மூலம் நடத்தின. சம்பளக் காசு அரசிடமிருந்து, ஆளை எடுப்பது மனேஜர். 1960 இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961 இன் 8ஆம் இலக்கச் சட்டமும் அதை முடித்து, உதவிபெறும் பாடசாலைகளை அரசிடம் கொண்டுபோயின. யாழ்ப்பாணக் கல்லூரி, சென் ஜோன்ஸ் போன்ற சில வெளியே நின்றன. அந்தப் பழைய காலத்தைப் பொற்காலமாகப் பேசுபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1930ஐ அண்டிச் சம ஆசனம் கொடுக்கச் சொன்னபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கில் இருத்த மறுத்தது ஊர்தான். பள்ளிக்கூடங்கள் எரிந்ததும் ஊரில்தான். ஊரிடம் அதிகாரம் வர வேண்டும் என்பவர், ஊரில் ஆரிடம் என்றும் சொல்ல வேண்டும்.

சரி, சங்கத்துக்கு வருவோம். அதிபர் பதவி வழியாகத் தலைவர். பொருளாளர் வழமையாக ஆசிரியர். பெற்றோரிலிருந்து செயலாளர் அல்லது நிர்வாகசபை உறுப்பினர் வருகிறார்கள். பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் கொஞ்சப்பேர். ஆசிரியரை மாற்ற இந்தக் கூட்டத்தால் முடியாது. அவர்களால் முடிகிற காரியங்கள் வேறு.

பெரியது காசு. சந்தா, நன்கொடை, வெளிநாட்டிலிருந்து வருவது, விளையாட்டுப்போட்டி, ஒளிவிழா, வாணிவிழா என்று சேர்வது எல்லாம் சங்கக் கணக்கு. இதை, கற்றல் உபகரணங்களுக்கு அரசு தரும் தர உள்ளீட்டு நிதியோடு போட்டுக் குழப்பக்கூடாது. அது வேறு கணக்கு, வேறு விதி. கட்டடத்துக்கு வரும் பி.எஸ்.டி.ஜி. காசு, அதாவது மாகாணத்துக்கென்று ஒதுக்கும் அபிவிருத்தி நிதி, பள்ளிக்கூடத்துக்கு வராமலே வலயக் கல்வி அலுவலகம் ஊடாக ஒப்பந்தகாரருக்குப் போகும். கூட்டத்தில் "இவ்வளவு இலட்சம் வந்தது" என்று வாசிக்கும்போது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னால் சங்கம் பெரிய சாதனை செய்தது போலத் தோன்றும்.

மற்றது திட்டம். ஒவ்வொரு பாடசாலையிலும் ஐந்தாண்டு அபிவிருத்தித் திட்டமும் வருடாந்த அமுலாக்கத் திட்டமும் இருக்க வேண்டும். 2006 இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்ததிலிருந்து, இதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு என்பதுதான் ஏற்பாடு. நடைமுறையில் பல இடங்களில் போன வருடத் திட்டத்தில் ஆண்டை மட்டும் மாற்றி அடித்து, கையொப்பம் வாங்கிக் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வேட்பாளராக நிற்பவர் அந்தத் திட்டத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்தாரா என்று கேட்டால் ஆளின் தரம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆரும் கவனிக்காத இன்னொரு அதிகாரமும் உண்டு. முதலாம் வகுப்பு அனுமதிக்கான நேர்முகப் பரீட்சைச் சபையில் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் இருப்பார். பல ஆண்டுகளாக இடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு; அடுத்த பெரிய பங்குகள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே படிப்போரின் சகோதரர்களுக்கும். வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது, வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் பிள்ளை போகக்கூடிய வேறு பாடசாலை எத்தனை என்று புள்ளி கூடும், குறையும். நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இந்தக் கதிரைக்காகவே சங்கத்துக்குக் கேட்பவர்கள் உண்டு. சொந்தப் பிள்ளையோ மருமகனோ அந்த வருடம் விண்ணப்பிக்கிறதென்றால் அந்தக் கதிரையில் இருக்கக்கூடாது. தெரிவுக்கு முதல் சபையில் இதை வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே இடத்துக்குப் போட்டி இல்லை, பிள்ளைதான் இல்லை. வெளிநாடு போனவர்கள் போக, மிச்சப் பேரும் வான் பிடித்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். தீவகத்தில் இது இன்னும் மோசம். பிள்ளை குறைந்தால் ஆளணி குறையும், ஆளணி குறைந்தால் இன்னும் நாலு பெற்றோர் விலத்துவார்கள். இப்படியான இடத்தில் "தரமான கல்வி" என்று பேசுபவரைவிட, முன்பள்ளியில் இந்த வருடம் எத்தனை பிள்ளை முடிக்குது, அதில் எத்தனை எங்களிடம் வரும், மற்றது ஏன் வராது என்று வீட்டு வாசலில் போய்க் கேட்கிறவர்தான் தேவை. காரணம் பெரும்பாலும் சில்லறையாக இருக்கும்: மலசலகூடம், பகல் 1.30 மணிக்குப் பிறகு பிள்ளையை ஏற்ற ஆளில்லை, இரண்டு வகுப்புக்கு ஒரே ரீச்சர்.

இனி கூட்டம் எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம்.

அழைப்புத் துண்டு வியாழன் வந்து கூட்டம் வெள்ளி வைத்தால், கடலுக்குப் போறவரும் கூலிக்குப் போறவரும் வரமாட்டார்கள். வருவது தாய்மார், அதுவும் பின் வாங்கில். கூட்டத்துக்கு எத்தனை நாள் முன் அறிவிக்க வேண்டும், நிறைவெண் (கூட்டம் செல்லுபடியாக ஆகக் குறைந்தது வர வேண்டிய ஆட்கள்) எத்தனை, வாக்கு குடும்பத்துக்கு ஒன்றா தாய் தகப்பன் இருவருக்குமா என்பதெல்லாம் நடைமுறையிலுள்ள சுற்றறிக்கையிலும் சங்க யாப்பிலும் இருக்கும். சுற்றறிக்கை காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே முந்தி நிர்வாகத்தில் இருந்தவரின் ஞாபகத்தை நம்பாமல் அதிபரிடம் பிரதி கேட்டு வாசியுங்கள். சந்தா கட்டிய பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வாக்களிக்கும் நேரத்தில்தான் "நீங்கள் அங்கத்தவர் இல்லை" என்ற கதை வரும்.

நிகழ்ச்சி நிரலில் கணக்கறிக்கை தெரிவுக்கு முன்னுக்கு இருக்க வேண்டும். பின்னுக்குப் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பழைய நிர்வாகம் கணக்குக் காட்டி, சபை ஏற்ற பிறகுதான் புதிய ஆள். பல இடங்களில் கணக்கைப் பொருளாளர் மளமளவென்று வாசித்து முடிப்பார், "ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்றதும் சபை தேநீர்ப் பக்கம் பார்க்கும். ஒரு ஏ4 பக்கத்தில் பிரதி எடுத்து வரிசைக்கு ஒன்று கொடுத்தால் போதும், கேள்வி தானாக வரும். பார்க்க வேண்டியவை: ஆரம்ப மீதியும் போன வருட இறுதி மீதியும் ஒன்றா, வங்கிக் கூற்றில் உள்ள தொகையும் அறிக்கைத் தொகையும் ஒன்றா, "ஏனைய செலவுகள்" என்ற வரி எவ்வளவு பெரிது, ஒரே கடைக்கு எத்தனை தரம் காசு போயிருக்கிறது. வாங்கிய பொருளுக்கு மூன்று விலைக்கோரல் இருந்ததா என்றும் கேட்கலாம். மூன்றும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருப்பது எங்கள் ஊரில் தெரியாத வித்தையில்லை.

தெரிவில் ஒருவர் பிரேரிக்க இன்னொருவர் ஆமோதிப்பார். போட்டி இருந்தால் கை உயர்த்துவது வழமை. வகுப்பாசிரியர் பக்கத்தில் நிற்கும்போது அவருக்குப் பிடிக்காத ஆளுக்குக் கை உயர்த்த எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? பிள்ளை நாளைக்கும் அந்த வகுப்பில்தான் இருக்கும். அதனால் போட்டி என்று தெரிந்தால் இரகசிய வாக்கு கேளுங்கள். செலவு ஒன்றும் இல்லை: கொப்பித் தாளை எட்டாகக் கிழித்து, அங்கத்தவர் இடாப்பில் பெயரைக் குறித்து ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒரு சோக்குப் பெட்டிக்குள் போட்டு, போட்டியிடாத இரண்டு பேர் எண்ணினால் முடிந்தது. 150 பேர் என்றாலும் அரை மணித்தியாலம். கொடுத்த தாளின் தொகையும் பெட்டியில் கிடந்த தொகையும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்.

நிற்பவரிடம் என்ன கேட்பது? கொள்கை கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேளுங்கள், ஆனால் அதைச் சங்கத்தின் அளவுக்கு இறக்கிக் கேளுங்கள். ஆங்கிலம் வளர்ப்பன் என்றால், நூலகத்துக்கு இந்த வருடம் எவ்வளவு, வாசிப்புப் பாடவேளை கிழமைக்கு எத்தனை? புலமைப்பரிசிலில் கூடுதல் பிள்ளைகளைச் சித்தியடைய வைப்பன் என்றால், மேலதிக வகுப்புக்கு ஆர் காசு கொடுப்பது, கட்ட முடியாத பிள்ளை வெளியே நிற்குமா? அந்தப் பரீட்சைக்கு 200 புள்ளி. வெட்டுப்புள்ளி தாண்டும் சிலருக்காக நாலாம் வகுப்பிலிருந்தே மற்றப் பிள்ளைகளின் பாடவேளையைத் தின்னும் பள்ளிக்கூடங்கள் உண்டு. இதில் ஒரு பக்கம் எடுக்காமல் மழுப்புகிறவரை நான் தெரிய மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரியூசனை நிறுத்துவன் என்கிறவர் வேறு அலுவலகத்தின் வேலையைச் செய்வதாகச் சொல்கிறார், விட்டுவிடுங்கள்.

ஆசிரியர் பற்றாக்குறைக்குச் சங்கம் செய்யக்கூடிய ஒன்று, தொண்டர் ஆசிரியர் ஒருவரை வைத்துப் படி கொடுப்பது. இதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 200 குடும்பம் ஆளுக்கு வருடம் 1,000 ரூபாய் தந்தால் 2 இலட்சம். ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் என்றால் 10 மாதத்துக்கு ஒன்றரை இலட்சம். மிச்சம் 50,000இல்தான் குழாய், பூட்டு, மோட்டர் திருத்தம் எல்லாம். அத்தோடு 200 குடும்பமும் தராது. இரண்டாம் தவணையில் காசு முடிந்து, பாடம் பாதியில் நிற்பது இப்படித்தான். வைக்கும்போதே எவ்வளவு காலம், எவ்வளவு படி என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். நிரந்தர நியமனம் எடுத்துத் தருவோம் என்று வாய்மொழியாகக் கூடச் சொல்லாதீர்கள். அந்தப் பேச்சை நம்பி வருடக்கணக்காகக் காத்திருந்து வீதியில் போராடியவர்கள் வடக்கில் நிறையப் பேர். காசு தராத வீட்டுப் பிள்ளையை வகுப்பில் எழுப்பிவிடுகிற வேலையும் கூடாது. தர முடியாத குடும்பத்தின் பெயர் செயலாளருக்கும் அதிபருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

வெளிநாட்டுக் காசு தனிக் கதை. பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையும் கனடாக் கிளையும் அனுப்ப விரும்புவது படத்தில் விழும் பொருளை: ஸ்மார்ட் போட், மேடை, வளைவு. குடிதண்ணி சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் அதில் ஒன்று. எங்கள் சுண்ணக்கல் நிலத்தில், தோட்டப் பக்கக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதால் அது நல்ல காரியம்தான். ஆனால் வடிகட்டி மாற்ற வேண்டும், மென்சவ்வு மாற்ற வேண்டும், மின்பட்டியல் ஏறும். இதற்கு ஒருவரும் காசு ஒதுக்குவதில்லை. ஒரு வருடத்தில் தண்ணி சொட்டுச் சொட்டாக வரும், பிறகு இயந்திரம் துணி போர்த்து மூலையில் நிற்கும். நன்கொடை ஏற்கும் தீர்மானத்திலேயே மூன்று வருடப் பராமரிப்புத் தொகையையும் கேட்பது நல்ல வழக்கம். வந்த பொருள் அன்றைக்கே பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத பொருள் கணக்காய்வில் இல்லாத பொருள், காணாமல் போனாலும் கேட்க வழியில்லை. கட்டடம் என்றால் வலயத்தின் அனுமதியும் தொழில்நுட்ப அலுவலரின் மதிப்பீடும் இல்லாமல் அத்திவாரம் வெட்ட விடாதீர்கள். தளம் போட்டபிறகு காசு முடிந்து கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் கட்டடங்களை எல்லாரும் கண்டிருக்கிறோம். ஒப்பந்தம் எடுப்பவர் நிர்வாகசபையில் இருந்தால் அவர் அந்தத் தீர்மானத்தின்போது வெளியே போக வேண்டும். போனதாகக் குறிப்பிலும் எழுத வேண்டும்.

கணக்கைக் காட்ட மறுத்தால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவோமா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "எல்லாக் கணக்கும் தருக" என்று எழுதினால் இழுபடும். இன்ன ஆண்டு, இன்ன கணக்கு, கணக்காய்வு அறிக்கையின் பிரதி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். விண்ணப்பத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

தெரிவு முடிந்த கையோடு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பொருளாளர் மாறியிருந்தால் வங்கியில் கையொப்பம் மாற்ற வேண்டும். அதற்குத் தெரிவு நடந்த கூட்டக் குறிப்பின் உறுதிப்படுத்திய பிரதியை வங்கி கேட்கும். அடுத்த கூட்டத்தில் குறிப்பை ஏற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு தவணை போய்விடும், கணக்கில் காசு இருந்தும் எடுக்க ஏலாது. எனவே தெரிவுத் தீர்மானத்தை மட்டும் அந்த இடத்திலேயே எழுதி, சபைக்கு வாசித்து, தலைவரும் புதிய செயலாளரும் கையொப்பம் வைக்கட்டும். தேநீர் அதற்குப் பிறகு.